அறுபதுக்கு ஒரு நாள் குறைவு

சித்திரை ஒன்றாம் தேதி காலையில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் எனக்குப் பால் தர மறுத்துவிட்டது.

"இந்தப் பால் இன்னும் கறக்கப்படவில்லை" என்றது.

முந்தின நாள் சாயங்காலம் நானே வாங்கி உள்ளே வைத்த பாக்கெட் அது. கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கறக்காத பால் எப்படி உள்ளே வந்தது என்று கேட்டேன். சொன்னதையே திரும்பச் சொன்னது. கெட்டுப்போன பண்டம் யார் வயிற்றுக்குள்ளும் போய்விடக் கூடாது என்று சட்டம் போட்டாலும் போட்டார்கள், தேதி சரியில்லையென்றால் தலைகீழாக நின்றாலும் கதவு திறப்பதில்லை. 2047இல் பாதிப் பேருக்குக் காலைப் பொழுது இப்படித்தான் விடிகிறது, ஏதாவது ஒரு பெட்டியோடு வாதாடிக்கொண்டு. காப்பி இல்லாத வாயோடு நான் அதைத் திட்ட ஆரம்பித்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஏஞ்சலின் கூப்பிட்டாள்.

"டாக்டரம்மா, நம்மகிட்டச் செக்கப்புக்கு வர்ற மிருதுளாவுக்கு வலி எடுத்துருச்சுங்க. இன்னும் ரெண்டு மாசம் பாக்கி இருக்குதுங்களே! ஓடியாங்க. படியேறித்தான் வரோணும், லிஃப்ட் ஓடலீங்க."

"லிஃப்ட்டுக்கு என்ன கேடு?"

"அதைய இன்னும் யாருமே செய்யலீன்னு சொல்லுதுங்க."

என் பெயர் சாந்தாமணி. தாராபுரத்தில் சிறியதாக ஓர் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறேன். நான் குழந்தைகள் டாக்டர். வீடு ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே. சாலையைத் தாண்டி, படியேறி, மூச்சு வாங்க மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரசவத்தை ஏஞ்சலினே முடித்திருந்தாள். ஜன்னலில் அப்போதுதான் வெயில் விழுந்துகொண்டிருந்தது. பெண் குழந்தை. என் உள்ளங்கையில் தலை, மணிக்கட்டைத் தாண்டிக் கால். அவ்வளவுதான் ஆள்.

அழுதாள். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். எனக்கு உயிர் வந்தது.

அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தோம். பெட்டி சூடு கொடுத்தது, ஆக்சிஜன் வந்தது. இந்த மாதிரி அவசரப்பட்டு வரும் பிள்ளைகளிடம் ஒரு வம்பு உண்டு. மூச்சு விடத் தெரியும், ஆனால் மறந்துபோவார்கள். நன்றாக விட்டுக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று நின்றுவிடும். மூளைக்கு அந்த வேலை இன்னும் பழகவில்லை. அதற்கு மருந்து இருக்கிறது. பெரிய ரகசியமெல்லாம் இல்லை, காப்பியில் இருக்கும் அதே சரக்குதான். சொட்டுச் சொட்டாக உள்ளே போய் மூளையைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த மருந்தும் மூடி முத்திரையிட்ட குப்பியில்தான் வருகிறது. பம்பில் மாட்டினால் பம்பே வயதைக் கணக்குப் போட்டு, அளவு பார்த்து ஏற்றும். மனிதக் கை பட்டால் தப்பு நடக்கும் என்று ஊசியில் ஏற்றுகிற மருந்தையே நிறுத்திவிட்டார்கள். பிறந்த தேதியை நாங்கள்கூட அடிக்க முடியாது. பெற்றவர் வாயால் சொல்ல வேண்டும். பம்ப் கேட்டுப் பதிந்துகொள்ளும்.

பெற்றவர் வந்தார். சர்வேசு. முப்பது வயதிருக்கும். ஊருக்கு வெளியே பெரிய கோழிப் பண்ணை, பெரும்பாலும் இயந்திரம். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததும், "எங்க பண்ணையிலயும் இதே மாதிரி பொட்டிதானுங்க, குஞ்சு பொரிக்கறதுக்கு" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான்.

"பிறந்த தேதியைச் சொல்லவும்" என்றது பம்ப்.

"ஏப்ரல் பதிமூணு" என்றான்.

ஏஞ்சலின் என்னைப் பார்த்தாள். நான் அவனைப் பார்த்தேன்.

"ஏந் தம்பி, இன்னிக்குத் தேதி பதினாலு. உம்பட புள்ள பொறந்து இன்னும் தொப்புள்கூடக் காயல."

"தெரியுமுங்க டாக்டரம்மா." குரலைத் தாழ்த்தினான். "பதிமூணுன்னா பங்குனி கடைசி. பதினாலுன்னா சித்திரைங்க."

எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. "சித்திரை பிறந்தால் அப்பன் தெருவிலே" என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ, இன்னும் ஊர் விடவில்லை. ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவதே இந்தச் சித்திரைக்குப் பயந்துதானே. "தெருவுக்குப் போயிருவோம்னு பயமா? கம்ப்யூட்டர் வெச்சுக் கோழி வளக்கறே, வெக்கமா இல்ல?" என்றேன்.

"எனக்காக இல்லீங்க. என்ற தம்பி சித்திரையில பொறந்தவனுங்க. அவன் பொறந்த ஆறு மாசத்துல எங்கப்பாவுக்கு மாரடைப்பு வந்து போயிட்டாருங்க. ஊரு பூரா அவனைத்தான் சொல்லுச்சு. அப்பனை முழுங்கினவன்னு எங்க சொந்தத்துலயே கூப்புடுவாங்க. வளந்து வெளிநாடு போனவன் திரும்பி வரவே இல்லீங்க. நாளைக்கு எனக்கு என்னமோ ஒண்ணு ஆச்சுன்னு வெச்சுக்குங்க, இவளையும் அப்படித்தானே சொல்லுவாங்க? ஒரு நாள்தானுங்களே டாக்டரம்மா."

என்ன சொல்வது? நானே நிஜத்தில் ஐப்பசியில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் பிறந்தவள். ஐந்து வயது முடிந்தால்தான் சேர்ப்பேன் என்று வாத்தியார் சொன்னதும் என் அப்பா அந்த இடத்திலேயே எனக்கு ஒரு புதுப் பிறந்த நாள் வைத்தார். எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு இரண்டு பிறந்த நாள் உண்டு, ஒன்று ஜாதகத்துக்கு, ஒன்று சர்டிஃபிகேட்டுக்கு. ஒரு நாள் பொய்யால் யாரும் செத்துப்போனதில்லை. அதோடு அவனுடன் மல்லுக்கு நிற்க எனக்கு நேரமும் இல்லை. "தொலையட்டும்" என்றேன்.

ஏஞ்சலின் குப்பியை மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள். பம்ப் ஒரு விநாடி யோசித்தது.

"மருந்து செலுத்த இயலாது. இந்த நோயாளி இன்னும் பிறக்கவில்லை."

மறுபடி அழுத்தினாள். அதே பதில். அணைத்துப் போட்டோம். அடுத்த அறையிலிருந்து இன்னொரு பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தோம். பதிவை அதுவே எடுத்துக்கொண்டு அதையேதான் சொன்னது, கொஞ்சம் இனிமையான குரலில்.

அப்போது குழந்தை மூச்சை நிறுத்தினாள்.

நான் பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு அவள் உள்ளங்காலில் சுண்டினேன். ஒன்று, இரண்டு. உடம்பு தூக்கிப்போட்டது. மூச்சு வந்தது. நீலம் பாய்ந்த உதடு மெதுவாகச் சிவந்தது. என் முதுகில் வேர்வை வழிந்தது.

"கோயமுத்தூருக்குக் கொண்டுபோயிரலாங்களா?" என்றான் சர்வேசு.

ஏஞ்சலின் ஏற்கெனவே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தாள். "வண்டிக்கு இன்னும் எஃப்.சி.யே ஆகலீன்னு சொல்லி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதாம். டிரைவர் அழுவுறாருங்க."

"கீழ கேன்டீன்ல டிகிரி காப்பி இருக்குது. ஒரு சொட்டு நாக்குல வெச்சா?"

"அடப்பாவி, குடலு கூட இன்னும் முத்தல அவளுக்கு. வாயை மூடிக்கிட்டு இங்க வா. கையைக் கழுவு. நல்லா, முழங்கை வரைக்கும்."

வேறு வழியில்லை. ஏஞ்சலின் மிருதுளாவைப் பார்க்க வேண்டும், அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நான் பம்ப் கம்பெனியைப் பிடிக்க வேண்டும். சர்வேசுவின் கையைப் பிடித்து ஓட்டைக்குள் விட்டேன். "நெஞ்சைப் பாத்துக்கிட்டே இரு. ஏறி எறங்குதா? நின்னுதுன்னா உள்ளங்கால்ல சுண்டு. மெதுவா. கண்ணை எடுக்காத."

பண்ணையில் ஆயிரம் குஞ்சுகளை அள்ளிப் போடுகிற கை அது. பெட்டிக்குள் போனதும் என்ன செய்வதென்று தெரியாமல் விறைத்து நின்றது. அவள் மறுபடி நிறுத்தினாள். அவன் சுண்டினான். ஒன்றும் நடக்கவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்றேன். சுண்டினான். "கண்ணு, மூச்சு உடு கண்ணு. அப்பா சொல்றேன், உடு சாமி."

விட்டாள். அவன் தோளைத் தூக்கிக் கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டான். கையை எடுக்கவில்லை.

கம்பெனியில் வஹீதா என்ற பெண் கிடைத்தாள். சென்னைக்காரி. பேச்சில் களைப்பு.

"மேடம், காலைலேர்ந்து எல்லா ஊர்லேர்ந்தும் இதே கதைதான். பம்ப் மட்டும் இல்ல, எதுக்குள்ள தேதி பாக்குற சின்னச் சில்லு இருக்கோ அது எல்லாமே. இன்னும் செய்யல, இன்னும் வரல, இன்னும் பொறக்கலன்னு. முன்பக்கத்துல தேதி கரெக்டாத்தான் காட்டுது. உள்ள என்ன கணக்குப் போடுதுன்னுதான் புரியல. தேடிக்கிட்டிருக்கோம்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"சொல்ல முடியல மேடம். சாயங்காலம் ஆகலாம்."

"எம் பாப்பா சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டாம்மா. சுண்டச் சுண்ட அவளுக்கும் பழகிப்போகும். அப்புறம் எழுந்திருக்க மாட்டா."

அவள், "ஸ்கிரீன்ல கீழ 'காரணம்'னு ஒண்ணு இருக்கும், அழுத்திப் பாருங்க மேடம். எங்களுக்கு ஏதாவது துப்புக் கிடைக்கலாம்" என்றாள்.

அழுத்தினேன். வரி வந்தது. சத்தமாகப் படித்தேன்.

"நோயாளி பிறப்பதற்கு இன்னும் ஐம்பத்தொன்பது ஆண்டுகள், முந்நூற்று அறுபத்து நான்கு நாட்கள் உள்ளன."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வஹீதாவுக்கும் விளங்கவில்லை. இயந்திரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பெட்டிக்குள் கையை வைத்துக்கொண்டு, நெஞ்சை விட்டுக் கண்ணை எடுக்காமல், சர்வேசு பேசினான்.

"இன்னொரு நாள் சேத்தா அறுபதுங்க."

"அதனால?"

"அறுபது வருசங்க, டாக்டரம்மா. இன்னிக்குப் பிரபவ பொறக்குதுங்க. நேத்தோட அட்சய முடிஞ்சு, அறுபது வருசமும் ஒரு சுத்து வந்து, இன்னிக்குத் திரும்பி முதல்லேர்ந்து. காலையில பஞ்சாங்கம் பாத்துட்டுத்தான் வந்தேன்."

நான் பம்பைப் பார்த்தேன். அதன் முன்பக்கம் 2047 என்று பளிச்சென்று சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்படின்னா இதுக்குள்ள..."

"உள்ளுக்குள்ள இதும் பஞ்சாங்கந்தான் ஓட்டுதாட்ட இருக்குதுங்க. இதுக்கு இன்னிக்குப் போன பிரபவ. அறுபது வருசம் பின்னால நிக்குது. அப்ப இன்னிக்குப் பொறந்தவங்க இன்னிக்குப் பொறந்தவங்கதான். நேத்துப் பொறந்தவங்க..." அவன் நிறுத்தினான். குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்கியது. "நேத்துப் பொறந்தவங்கன்னா, இந்தச் சுத்தோட கடைசி நாளு. அதுக்கு இன்னும் அறுபது வருசம் போகோணும். ஒரு நாள் கம்மியா."

அவன் முகம் வெளுத்துப்போவதை நான் பார்த்தேன்.

"அந்த ஒரு நாளு நாஞ் சொன்னதுங்களா, டாக்டரம்மா?"

நான்தான் தொலையட்டும் என்று சொன்னவள். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. "பேச நேரமில்ல தம்பி" என்று மட்டும் சொல்லி, பம்பில் தேதி திருத்தும் இடத்தைத் திறந்தேன்.

"பிறந்த தேதியைச் சொல்லவும்."

அவள் மறுபடி நிறுத்தினாள். அவன் சுண்டினான். வரவில்லை. சுண்டினான். வரவில்லை. நான் இன்னொரு ஓட்டையில் கையை விட்டு முதுகைத் தேய்த்தேன். உதடு கறுத்துக்கொண்டே வந்தது.

"பிறந்த தேதியைச் சொல்லவும்" என்று பம்ப் பொறுமையாகத் திரும்பவும் கேட்டது.

"ஏப்ரல் பதினாலு!" என்று கத்தினான் சர்வேசு. "சித்திரை ஒண்ணு! என்ற புள்ள இன்னிக்குத்தான் பொறந்தா, காலங்காத்தால பொறந்தா, போதுமா? உடு, மருந்தை உடு!"

பம்ப் ஒரு விநாடி யோசித்தது. அந்த ஒரு விநாடியில் நான் கும்பிடாத சாமி இல்லை. பிறகு உள்ளே மோட்டார் ஓடும் சன்னமான சத்தம் கேட்டது. குழாயில் மருந்து நகர்ந்தது.

மருந்து வேலை செய்யக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை நான் முதுகைத் தேய்த்தேன், அவன் காலைச் சுண்டினான். ஒரு விக்கல் மாதிரி வந்து மூச்சு திரும்பியது. பிறகு ஒரு தரம் நின்றது, சுண்டியதும் வந்தது. அதற்கப்புறம் நெடுநேரம் நிற்கவே இல்லை. ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. நான் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். எதற்கென்று கேட்டால் தெரியாது. சர்வேசுவும் சிரித்தான். வாசலில் வந்து நின்ற ஏஞ்சலின் எங்கள் இருவரையும் பார்த்து முதலில் பயந்துவிட்டாள். அப்புறம், "மிருதுளாவுக்கு ரத்தம் நின்னுருச்சுங்க, அவ நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

போனில் வஹீதா அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், அந்தப் பிரபவன்னு சொன்னாரே, அது எந்த வருஷம்?"

"1987. நம்ம தமிழ் வருசத்துக்குப் பேரு அறுபதுதாம்மா. அறுபது முடிஞ்சா திரும்பி முதல் பேரு."

தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் அடியோடு மாறியிருந்தது. "மேடம், கிடைச்சிருச்சு. 1999ல உலகம் பூரா ஒரு பயம் இருந்துச்சாம், கம்ப்யூட்டர்ல வருஷத்துக்குக் கடைசி ரெண்டு எண்தான் வெச்சிருந்தாங்க, ரெண்டாயிரம் வந்தா சைபர் சைபர் ஆயிடும்னு. ராத்திரி பகலா உக்காந்து சரி பண்ணினாங்க."

"தெரியும். நான் அப்பப் பள்ளிக்கூடத்துல இருந்தேன். விமானமெல்லாம் கீழ விழும்னு சொன்னாங்க. ஒண்ணும் விழல."

"விழலன்னு எல்லாரும் மறந்துட்டாங்க. ஆனா சின்னச் சில்லுல நாலு எண் வைக்க இடம் இல்ல. நம்ம ஊர்ல யாரோ ஒருத்தர் குட்டியா ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கார். வருஷமே வேண்டாம், சக்கரம் மாதிரி நாளை மட்டும் எண்ணிக்கிட்டுப் போ, அறுபது வருஷம் ஆனா திரும்பி ஒண்ணுன்னு. சக்கரம் ஆரம்பிக்கிற நாள் 1987, ஏப்ரல் பதினாலு. அவருக்கு அது ரொம்ப இயல்பாப் பட்டிருக்கும். அது சின்னதா இருந்துச்சு, தப்பே பண்ணல, அதனால உலகம் பூரா எடுத்து எடுத்து ஒட்டிக்கிட்டாங்க. புதுசா எழுதினோம்னு நாங்க நினைச்சிட்டிருந்த பம்புக்குள்ளயும் அதுதான் இருக்கு. யாரும் பிரிச்சுக்கூடப் பாக்கல."

அந்த மனுஷனை எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அறுபது வருஷத்துக்கு ஒரு தரம் உலகம் முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்று நம்பிய ஒருவர், அதற்குள் யாராவது வந்து பார்த்துக்கொள்வார்கள் என்றும் நம்பியிருப்பார். நாம்தான் பார்க்கவில்லை.

"சரிம்மா, இப்ப மத்த ஊருக் குழந்தைங்க?"

"அதைத்தான் இப்ப எல்லா ஆஸ்பத்திரிக்கும் சொல்லப் போறோம். நேத்து வரைக்கும் பொறந்த குழந்தைங்க எல்லாத்துக்கும் இன்னிக்குத் தேதியைக் கொடுத்து, அளவை டாக்டர் பாத்துக் குறிக்கச் சொல்லி. மருந்து ஓடட்டும், மத்ததெல்லாம் அப்புறம்."

அப்படியாக அன்று காலை நாடு முழுவதும் ஆஸ்பத்திரிகளில் கிடந்த அத்தனை சிசுக்களும் சித்திரை ஒன்றில் பிறந்தார்கள். மார்கழிப் பிள்ளை, மாசிப் பிள்ளை, ஒன்றும் பாக்கியில்லை. பெற்ற அப்பன்மார் ஒருத்தரும் மறுக்கவில்லை என்று பிற்பாடு வஹீதா சொன்னாள். ஒரு குழந்தையையும் இழக்கவில்லை என்றும் சொன்னாள்.

மத்தியானம் தாண்டி, கம்பெனி புதுக் கணக்கை அனுப்பியது. பம்ப் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தது. கீழே லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. அந்த லிஃப்டில்தான் மிருதுளாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். மகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையில் நடந்ததை ஏஞ்சலின் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. புருஷனை நிமிர்ந்து பார்த்து, "வலிச்சது எனக்கு. எப்பப் பொறந்தான்னு என்னைய ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலியா?" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது வஹீதா கூப்பிட்டாள்.

"மேடம், மாத்தின தேதியெல்லாம் பழையபடி திருப்பிக்கிட்டிருக்கோம். உங்க பாப்பாவுக்கு மட்டும் ரெண்டு பதிவு இருக்கு. முதல்ல அப்பா பதிமூணுன்னு சொல்லியிருக்கார், அப்புறம் பதினாலு. பதிமூணுதான் ஒரிஜினல்னு சிஸ்டம் காட்டுது. அதையே வெச்சிரட்டுமா? இப்ப எது வெச்சாலும் பம்ப் ஓடும், பயம் இல்ல."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. சர்வேசுவும் கேட்டான், மிருதுளாவும் கேட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. உண்மை எது என்று எனக்குத் தெரியும், ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். ஆனால் சித்திரையில் பிறந்த அவன் தம்பியின் கதையும் எனக்குத் தெரியும். இனி எந்த இயந்திரமும் இவனை மிரட்டவில்லை. பங்குனி இலவசமாகக் கிடைக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லை. அவன் பங்குனி என்று சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். சொன்னால் கோபப்பட முடியாது என்றும் நினைத்தேன்.

அவன் கண்ணாடிப் பெட்டியின் பக்கம் போய் நின்றான்.

"அவ இன்னும் பொறக்கவே இல்லீன்னு காலையில அது சொல்லுச்சுங்களே. நாஞ் சொன்ன பொய்யத்தானே அது சொல்லுச்சு. அதைய ஒருக்காக் கேட்டது போதுமுங்க. சித்திரைன்னே இருக்கட்டும்."

"பதினாலுன்னே வெச்சிரட்டுமா சார்?" என்றாள் வஹீதா.

"வெச்சிருங்க."

மிருதுளா அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் போனை அணைத்தேன். அந்தக் கையை அவளிடமிருந்து மெதுவாக விடுவித்துக்கொண்டு, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, அவன் என் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"என்ன தம்பி?"

"என்ற பி.பி.யைக் கொஞ்சம் பாருங்க டாக்டரம்மா. எங்கப்பா ஒரு நாளும் பாத்ததே இல்லீங்க."

நான் குழந்தைகள் டாக்டர். இருந்தாலும் பார்த்தேன். கொஞ்சம் அதிகம்தான். உப்பைக் குறைக்கச் சொன்னேன்.